கிரிமினல் கேஸ்ல எதிரி (குத்தம் சாட்டப்பட்டவர்) தரப்புக்கு ஆஜராகப் போறீங்களா? எது வரைக்கும் போகலாம், எங்க நிக்கணும்

கிரிமினல் சைடு பிராக்டிஸ் பண்ணப்போறேன்னு சொன்ன அன்னிக்கே ஒரு கேள்வி வந்துடும், "தப்பு பண்ணவன்னு தெரிஞ்சும் எப்படிங்க அவனுக்காக நிக்கிறீங்க?" வீட்ல கேப்பாங்க, சொந்தக்காரங்க கேப்பாங்க, கேஸ் கட்டுல இருக்கிற போட்டோவைப் பாத்துட்டு தூக்கம் வராத ராத்திரி நீங்களே உங்களைக் கேப்பீங்க. ஊருக்கு சொல்ற பதில் அப்புறம் இருக்கட்டும், முதல்ல உங்களுக்கு நீங்க சொல்லிக்கிற பதில் தெளிவா இருக்கணும். அது இல்லாம முதல் கேஸை எடுத்தீங்கன்னா ஒண்ணு அரைமனசா வாதாடுவீங்க, இல்லன்னா ஜெயிக்கிறதுக்காக எதையும் பண்ற ஆளா மாறிடுவீங்க, நான் பாத்த வரைக்கும் இந்தத் தொழில்ல கெட்டுப்போனவங்க எல்லாரும் இந்த ரெண்டுல ஒண்ணுல விழுந்தவங்கதான்.

என் பதில் இதுதான். குத்தம் சாட்ட ஒருத்தர் இருக்கார், அவர் பின்னாடி போலீஸ் இருக்கு, லேப் இருக்கு, அரசாங்கமே இருக்கு. தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் இருக்கார். கூண்டுல நிக்கிறவனுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு ஆள், அது நீங்க. நீங்களும் மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டீங்கன்னா அவனுக்குன்னு ஒருத்தருமே இல்லாம போயிடுது, ஜட்ஜ் ரெண்டு பேர் ஆயிடுறாங்க, வக்கீல் இல்லாம போயிடுறார். இந்திய பார் கவுன்சில் விதியிலயே இதை எழுதி வச்சிருக்காங்க, எதிரி குத்தம் பண்ணானா இல்லையான்னு உங்களுக்கு இருக்கிற சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கி வச்சுட்டுதான் வாதாடணும், போதுமான சாட்சியம் இல்லாம யாரையும் தண்டிக்கக்கூடாதுங்கிற சட்டத்துக்குத்தான் உங்க விசுவாசம், அப்படின்னு. 1770ல பாஸ்டன்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க சுட்டு 5 பேர் செத்தப்போ ஊரே கொதிச்சுப்போயிருந்தது, அந்த சிப்பாய்ங்களுக்கு ஆஜரானவர் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பக்கத்துல இருந்த ஜான் ஆடம்ஸ், பின்னாடி அமெரிக்காவோட ரெண்டாவது ஜனாதிபதி ஆனவர். கேப்டன் விடுதலை, 8 சிப்பாய்ங்கள்ல 6 பேர் விடுதலை, 2 பேர் மட்டும் கொலைக்குக் கீழ இருக்கிற சின்ன குத்தத்துல தண்டனை. ஊர் கோவத்துல எட்டு பேரையும் ஒண்ணா தூக்குல போட்டிருந்தா யார் சுட்டாங்க, யார் சுடலன்னு பிரிச்சுப் பாக்கவே யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

அதனால "இவனுக்கெல்லாம் யாரும் ஆஜராகக்கூடாது"ன்னு பார் அசோசியேஷன் (வக்கீல்கள் சங்கம்) தீர்மானம் போட்டா அதுக்கு நீங்க கட்டுப்படத் தேவையில்ல. அப்படிப்பட்ட தீர்மானம் செல்லவே செல்லாதுன்னு இந்திய சுப்ரீம் கோர்ட் 2010ல தெளிவா சொல்லிடுச்சு. 1990ல ஹவானாவுல ஐநா ஏத்துக்கிட்ட வக்கீல்கள் பத்தின கோட்பாடுகளும், கட்சிக்காரரையும் வக்கீலையும் ஒண்ணா சேத்துப் பாக்கக்கூடாதுன்னு சொல்லுது. இது ஏட்டுல இருக்கு, நிஜத்துல உங்களைத் திட்டத்தான் செய்வாங்க, அதுக்கு மனசை இப்பவே தயார் பண்ணிக்குங்க.

கேஸை எடுக்குற நேரத்துல

எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறப்போ "இவன் நல்லவனா"ன்னு கேக்காதீங்க, "இவனுக்கு என்னால முழுசா உழைக்க முடியுமா"ன்னு கேளுங்க. செத்தவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம், அந்த மாதிரி குத்தம் உங்க குடும்பத்துலயே நடந்திருக்கலாம், அல்லது கையில ஏற்கனவே தாங்க முடியாத அளவுக்கு கேஸ் இருக்கலாம், அப்போ மறுக்கிறதுதான் நேர்மை, ஆனா முதல் நாளே மறுத்துடணும், பாதி விசாரணையில கழண்டுக்கக்கூடாது. இங்கிலாந்துல பாரிஸ்டர்களுக்கு கேப் ரேங்க் ரூல்னு ஒண்ணு இருக்கு, தன் துறையில வர்ற கேஸை கட்சிக்காரர் பிடிக்கலங்கிற காரணத்துக்காக தள்ளக்கூடாதுன்னு. உங்க ஊர்ல அந்த கட்டாயம் இல்லன்னாலும், பிரபலமான ஆளுக்கு ஓடி ஓடி ஆஜராகிட்டு யாருக்கும் பிடிக்காத ஏழைக்கு மட்டும் மனசாட்சி பேசுற வக்கீலா ஆயிடாதீங்க.

ஒரே கேஸ்ல ரெண்டு எதிரி வந்து, அண்ணன் தம்பிங்க, நீங்களே ரெண்டு பேருக்கும் பாத்துக்குங்கன்னு சொன்னா கூடுமானவரை வேண்டாம்னு சொல்லுங்க, இன்னிக்கு ஒரே கதை சொல்லுவாங்க, நாளைக்கு ஒருத்தன் "அவன்தான் குத்தினான், நான் சும்மா நின்னேன்"னு சொன்னா போதும், உங்ககிட்ட இருக்கிற ஒருத்தன் ரகசியத்தை வச்சுத்தான் இன்னொருத்தனைக் காப்பாத்த முடியும்ங்கிற நிலைமை வந்துடும், அப்புறம் ரெண்டு பேரையும் விட்டுட்டு வெளிய வர்றதைத் தவிர வழி இருக்காது.

ஃபீஸ் யார் தர்றாங்கன்னு கண்டிப்பா பாருங்க. கீழ இருக்கிற பையன் மாட்டிக்கிட்டான், மேல இருக்கிற பெரிய ஆள் வந்து பணம் கட்டுறார், அவர் எதிர்பாக்குறது பையன் வாயைத் திறக்கக்கூடாதுங்கிறது மட்டும்தான். பணம் யார் குடுத்தாலும் உங்க கட்சிக்காரர் கூண்டுல நிக்கிறவர்தான், அவருக்கு நல்லது அப்ரூவரா (அரசு தரப்பு சாட்சியா) மாறுறதுன்னா அதைத்தான் நீங்க அவர்கிட்ட சொல்லியாகணும், இதைப் பணம் தர்றவர்கிட்ட முதல்லயே முகத்துக்கு நேரா சொல்லிடுங்க, அவர் ஒத்துக்கலன்னா கேஸ் வேண்டாம். "விடுதலை ஆனா இவ்வளவு, இல்லன்னா இவ்வளவு"ன்னு பேசுறதும் கூடாது, கிரிமினல் கேஸ்ல இப்படி ஃபீஸ் பேசுறது பல நாடுகள்ல தடை, இந்தியாவுல எந்தக் கேஸ்லயுமே தடை. முடிவுல உங்க பணம் தொங்கிக்கிட்டு இருந்தா உங்க யோசனை கோணிக்கிடும்.

முதல் சந்திப்பு

தனியா பேசுங்க. அம்மா அழுதுட்டு கூடவே உக்காந்திருப்பாங்க, மச்சான் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லுவார், எல்லாரையும் மரியாதையா வெளிய அனுப்பிட்டுத்தான் ஆரம்பிக்கணும். குடும்பம் உங்க கட்சிக்காரர் இல்ல, பையன் உங்ககிட்ட சொன்னதை அம்மாகிட்ட சொல்ற உரிமையும் உங்களுக்கு இல்ல.

அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரகசியத்தைப் பத்தி சொல்லுங்க, எல்லையோட சேத்து சொல்லுங்க. நடந்து முடிஞ்சதைப் பத்தி நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும், ஆனா இனிமே செய்யப்போற குத்தத்துக்கு என்கிட்ட உதவி கேட்டா அதுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, பொய் சாட்சிக்கு நான் துணை போக மாட்டேன். இதை அப்புறம் சொன்னீங்கன்னா ஏமாத்துன மாதிரி ஆயிடும்.

"பண்ணியா இல்லையா"ன்னு நேரா கேக்கலாமா? சில சீனியர்ஸ் கேக்கவே கூடாதும்பாங்க, தெரிஞ்சுட்டா கை கட்டிடும்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அரசு தரப்புல வச்சிருக்கிற ஆதாரம் என்ன, அன்னிக்கு எங்க இருந்தீங்க, யார் பாத்தாங்கன்னு எல்லாத்தையும் கேக்கணும், தெரியாம இருக்கிறதை ஒரு தந்திரமா வச்சுக்கிட்டா கோர்ட்ல அரசு வக்கீல் எடுத்து வீசுற ஆதாரத்தை நீங்க முதல் தடவையா அங்கதான் பாப்பீங்க, தண்டனை அனுபவிக்கிறது அவர்.

ஆனா கேக்கறதுலயும் ஒரு கள்ள வழி இருக்கு. கதையைக் கேக்குறதுக்கு முன்னாடியே "தற்காப்புக்காக குத்தியிருந்தா விடுதலை, கோவத்துல குத்தியிருந்தா இத்தனை வருஷம், ம்ம் இப்ப சொல்லுங்க என்ன நடந்தது"ன்னு கேட்டீங்கன்னா நீங்க சட்டம் சொல்லிக் குடுக்கல, பொய் சொல்லிக் குடுக்குறீங்க. சட்டத்தை விளக்குறது உங்க கடமைதான், முதல்ல அவர் நினைவுல இருக்கிறதைக் கேளுங்க, எழுதிக்குங்க, அதுக்கப்புறம் விளக்குங்க.

"ஆமா சார், நான்தான் பண்ணேன்"

இந்த வார்த்தையைக் கேட்டதும் பல ஜூனியர்ஸுக்கு கை நடுங்கும். 1840ல லண்டன்ல குர்வாசியே-ங்கிற வேலைக்காரன், தன் முதலாளி லார்ட் வில்லியம் ரசலைக் கொன்னதா கேஸ். விசாரணை பாதியில நடந்துக்கிட்டு இருக்கும்போதே அவன் தன் வக்கீல் சார்ல்ஸ் பிலிப்ஸ்கிட்ட நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டான், ஆனா தொடர்ந்து வாதாடணும்னு கேட்டான். பிலிப்ஸ் ஆடிப்போயி, பெஞ்சுல உக்காந்திருந்த ஜட்ஜ் ஒருத்தர்கிட்டயே போய் யோசனை கேட்டார், கட்சிக்காரர் கேக்கிறதால தொடரணும், ஆதாரத்துலேர்ந்து நியாயமா எடுக்கக்கூடிய வாதம் எல்லாத்தையும் வைக்கணும்னு அவர் சொன்னார். குர்வாசியே தூக்குல போடப்பட்டான். பிலிப்ஸை மட்டும் பல வருஷம் விடல, குத்தம் தெரிஞ்சும் வீட்டு வேலைக்காரப் பொண்ணு மேல சந்தேகம் வர்ற மாதிரி பேசினார்னு குத்தச்சாட்டு, அவர் கடைசி வரைக்கும் மறுத்தார். என்னைக் கேட்டா, ஜட்ஜ்கிட்ட போய் சொன்னதே முதல் தப்பு, ரகசியம் அங்கயே உடைஞ்சுடுச்சு. யோசனை வேணும்னா கேஸுக்கு சம்பந்தமில்லாத ஒரு சீனியர்கிட்ட, பேர் ஊர் எதுவும் சொல்லாம கேளுங்க.

ஒத்துக்கிட்ட கட்சிக்காரருக்கு என்ன பண்ணலாம்? நிறைய பண்ணலாம். அரசு தரப்பு நிரூபிக்கட்டும்னு நிக்கலாம். சோதனை சட்டப்படி நடந்ததா, அடிச்சு வாக்குமூலம் வாங்கினாங்களா, அடையாள அணிவகுப்பு ஒழுங்கா நடந்ததா, தடயம் கைமாறினதுல ஓட்டை இருக்கா, எல்லாத்தையும் கேக்கலாம். "இந்த ஆதாரம் போதாது"ன்னு சொல்லலாம், அது உண்மையாவே இருக்கலாம். "என் கட்சிக்காரர் நிரபராதி, எனக்குத் தெரியும்"னு மட்டும் சொல்லாதீங்க, குத்தத்தை ஒத்துக்காத கட்சிக்காரர் கேஸ்லயும் அதைச் சொல்லாதீங்க, உங்க சொந்த நம்பிக்கை சாட்சியம் ஆகாது. அன்னிக்கு அவர் வெளியூர்ல இருந்தார்னு ஆள் கூட்டிட்டு வராதீங்க, நடக்கலன்னு உங்களுக்குத் தெரியும். செய்யாத இன்னொருத்தரை சுட்டிக்காட்டாதீங்க. உண்மையை சொல்லாம இருக்கிறது உங்க கடமை, பொய்யைக் கொண்டுவந்து வைக்கிறது குத்தம், இந்தக் கோடு எல்லா நாட்டு விதியிலயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு, மத்ததெல்லாம் அந்தக் கோடு எங்க போகுதுன்னு தேடுறதுதான்.

கட்சிக்காரரே கூண்டுல ஏறி பொய் சொல்லுவேன்னா? அமெரிக்காவுல விட்சைடுங்கிறவர் கேஸ், 1986ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தற்காப்புக்காகத்தான் குத்தினேன், ஆனா செத்தவர்கிட்ட துப்பாக்கியைப் பாக்கலன்னு வக்கீல்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தவர், விசாரணைக்குக் கொஞ்சம் முன்னாடி "ஏதோ உலோகம் மாதிரி பாத்தேன்னு சொல்றேன், இல்லன்னா செத்தேன்"னார். வக்கீல் என்ன சொன்னார்னா, அப்படி சொன்னா கோர்ட்ல நான் சொல்லிடுவேன், கேஸ்லேர்ந்து விலகுவேன்னு. அவர் அந்தப் பொய்யைச் சொல்லல, தண்டனை ஆச்சு, வக்கீல் எனக்கு துரோகம் பண்ணிட்டார்னு மேல போனார், பொய் சொல்ல உதவி கேக்குற உரிமை யாருக்கும் இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இதுல நீங்க செய்ய வேண்டிய வரிசை: முதல்ல தனியா உக்காந்து பேசி மனசை மாத்தப் பாருங்க (பெரும்பாலும் இங்கயே முடிஞ்சுடும், ஏன்னா பொய் குறுக்கு விசாரணையில உடையும்னு புரியவச்சா கேப்பாங்க), முடியலன்னா விலக அனுமதி கேளுங்க, காரணத்தை விளக்காம "தொழில் காரணங்களுக்காக"ன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல உங்க ஊர் விதி என்ன சொல்லுதோ அது.

ரகசியத்தோட கனம்

இந்தத் தொழில்ல ரொம்ப வலிக்கிற இடம் இது. 1973ல நியூயார்க் மாநிலத்துல ஒரு கொலை கேஸ் எதிரி தன் வக்கீல்கள் ரெண்டு பேர்கிட்ட, இன்னும் ரெண்டு பொண்ணுங்களைக் கொன்னு எங்க போட்டேன்னும் சொல்லிட்டான். அவங்க போய்ப் பாத்தாங்க, உடல் இருந்தது. காணாம போன பொண்ணோட அப்பா, ஏதாவது தெரியுமான்னு அவங்கள்ல ஒருத்தரை நேராவே வந்து கேட்டார், அவர் சொல்லல. மாசக்கணக்குல வெளிய சொல்லவே இல்ல, விசாரணையில எதிரியே சொன்னப்பதான் தெரிஞ்சது. ஊர் அவங்களைக் கிழிச்சுடுச்சு, ஒருத்தர் மேல கேஸே போட்டாங்க, அப்புறம் தள்ளுபடி ஆச்சு. அந்த அப்பாவோட இடத்துலேர்ந்து பாத்தா மன்னிக்கவே முடியாது, எனக்கும் படிக்கிறப்போ நெஞ்சு அடைச்சது, இருந்தாலும் அவங்க செஞ்சது சரின்னுதான் சொல்லுவேன், அந்தப் பொண்ணுங்களைக் காப்பாத்துற நேரம் தாண்டிடுச்சு, வக்கீல்கிட்ட சொன்னா போலீஸுக்குப் போயிடும்னா யாரும் வக்கீல்கிட்ட உண்மையே பேச மாட்டாங்க.

அதைவிடக் கஷ்டமான கேஸ் ஒண்ணு இருக்கு. சிகாகோவுல ஆல்டன் லோகன்ங்கிறவர் செய்யாத கொலைக்கு 26 வருஷம் உள்ள இருந்தார். நிஜமா சுட்டவன் தன் வக்கீல்கள்கிட்ட சொல்லிட்டான், அவங்க அதை ஒரு காகிதத்துல எழுதி சீல் வச்சு பெட்டியில பூட்டி வச்சாங்க, அவன் செத்ததுக்கு அப்புறம்தான் திறந்தாங்க, 2008ல லோகன் வெளிய வந்தார். இங்க எனக்கு அந்த விதியே தப்புன்னு தோணுது. மாசசூசெட்ஸ் மாதிரி சில இடங்கள்ல, நிரபராதி ஒருத்தர் தப்பா ஜெயில்ல இருக்கிறதைத் தடுக்க வக்கீல் வாயைத் திறக்கலாம்னு விலக்கு வச்சிருக்காங்க, அது எல்லா ஊர்லயும் வரணும். உங்க ஊர்ல அந்த விலக்கு இல்லன்னா, கட்சிக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்க தொடர்ந்து முயற்சி பண்ணுங்க, குறைஞ்சது தன் சாவுக்கு அப்புறமாவது சொல்லலாம்னு. இவங்க கேஸ்ல சாவுக்கு அப்புறம் சொல்லலாம்னு அனுமதி வாங்கினதாலதான் அந்தப் பெட்டி திறந்தது. வாங்கலன்னா சாவுக்கு அப்புறமும் பூட்டுதான், செத்தாலும் ரகசியம் சாகாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1998ல சொல்லியிருக்கு.

பேச்சு வேற, பொருள் வேற, இதைக் குழப்பிக்காதீங்க. கத்தியை, ரத்தச் சட்டையை, திருட்டுப் பணத்தை உங்ககிட்ட குடுத்து வச்சுக்கச் சொன்னா வாங்காதீங்க. 1967ல வர்ஜீனியாவுல ஒரு வக்கீல், கட்சிக்காரரோட கொள்ளைப் பணத்தையும் துப்பாக்கியையும் தன் பேர்ல இருந்த பேங்க் லாக்கருக்கு மாத்தி வச்சார், 18 மாசம் பிராக்டிஸ் பண்ண தடை. எங்க இருக்குன்னு சொன்னா போய்ப் பாக்கலாம், தொட்டு நகத்தக்கூடாது, நகத்திட்டா அது இருந்த இடத்தைப் போலீஸ் கண்டுபிடிக்கிற வாய்ப்பை நீங்க அழிச்சுட்டீங்க, அதனால அந்த இடம் எதுன்னு சொல்ல வேண்டி வரும்னு கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1981ல தீர்ப்பு குடுத்திருக்கு.

குறுக்கு விசாரணை

உண்மை பேசுற சாட்சியை என்ன பண்றது? இருட்டா இருந்ததா, எவ்வளவு தூரம், கண்ணாடி போட்டிருந்தீங்களா, இதெல்லாம் கேக்கலாம், அவர் பாத்தது சரியா இருந்தாலும் அது எவ்வளவு உறுதின்னு கோர்ட்டுக்குத் தெரியணும். ஆனா அவமானப்படுத்துறதுக்குன்னு ஒரு கேள்வியும் வேண்டாம். பாலியல் வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணோட பழைய வாழ்க்கையைக் கிளறுறதை இந்தியாவுல இப்போ இருக்கிற சாட்சிய சட்டமே (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) தடுக்குது, போக்சோ சட்டத்துல குழந்தைகிட்ட வக்கீல் நேரா கேக்கக்கூட முடியாது, கேள்வியை ஜட்ஜ்கிட்ட குடுத்து அவர் மூலமாத்தான் கேக்கணும். சட்டம் தடுக்காத ஊர்லயும் நீங்க தடுத்துக்குங்க. கேள்விக்கு முன்னாடி ஒரு சோதனை வச்சுக்குங்க, இது என் கட்சிக்காரர் மேல இருக்கிற குத்தச்சாட்டுல ஏதாவது ஒரு பகுதியை அசைக்குதா? அசைக்கலன்னா அது அந்த மனுஷியை நோகடிக்க மட்டும்தான், விட்டுடுங்க. இது கேஸுக்கும் நல்லது, ஆனா கேஸுக்கு நல்லதா இல்லன்னாலும் விட்டுடணும்.

கோர்ட்டுக்கு வெளிய சாட்சியைப் பாக்கப் போறப்போ தனியா போகாதீங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, காசுப் பேச்சு வந்தா எழுந்து வந்துடுங்க. டெல்லியில நடந்த பிஎம்டபிள்யூ கார் கேஸ்ல எதிரி தரப்பு சீனியர் வக்கீல் சாட்சியைக் கலைக்கப் பாத்தது டிவி சேனலோட ரகசிய கேமராவுல மாட்டுச்சு, அது நீதிமன்ற அவமதிப்புதான்னு 2009ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. ஆயிரம் கேஸ் ஜெயிச்ச பேரும் அதோட போச்சு.

முடிவு யாரோடது

எந்த சாட்சியைக் கூப்பிடணும், எந்த ஆட்சேபணை எழுப்பணும், இதெல்லாம் உங்க வேலை. குத்தத்தை ஒத்துக்கிறதா, தானே சாட்சி சொல்றதா, அப்பீல் போறதா, இது அவரோட வாழ்க்கை, அவரோட முடிவு. லூசியானாவுல ஒரு கொலை கேஸ்ல கட்சிக்காரர் நான் பண்ணலன்னு கத்திக்கிட்டு இருக்கும்போதே, மரண தண்டனையிலேர்ந்து காப்பாத்தத்தான்னு வக்கீல் ஜூரிகிட்ட இவர்தான் பண்ணார்னு ஒத்துக்கிட்டார். நல்ல எண்ணம்தான், ஆனா 2018ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்த விசாரணையே செல்லாது, புதுசா நடத்துங்கன்னு சொல்லிடுச்சு. உங்க வேலை உண்மையான நிலைமையை, மோசமா இருந்தாலும், புரியுற பாஷையில சொல்றது. "கவலைப்படாதீங்க, வெளிய எடுத்துடலாம்"னு சொல்லாதீங்க, அது அந்த நேரத்துக்கு ஆறுதல், ஆனா அதை நம்பி நல்ல சமரசத்தை அவர் விட்டுட்டார்னா அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவாங்க?

செய்யாத குத்தத்தை சீக்கிரம் வெளிய வர்றதுக்காக ஒத்துக்கிறேன்னு சொல்றவங்களும் வருவாங்க, ஜாமீனுக்குக் காசில்லாம உள்ளயே கிடக்கிறவங்க. அவசரப்பட்டு தலையாட்டாதீங்க, வேலை போகுமா, வெளிநாடு போக முடியுமா, அடுத்த கேஸ்ல இது பழைய தண்டனையா நிக்குமா எல்லாத்தையும் சொல்லுங்க, முதல்ல ஜாமீனுக்கு இன்னொரு தடவை முட்டிப் பாருங்க.

தயாரிப்பு இல்லாம போறது

பொய் சாட்சி, பணம்னு பெரிய பாவங்களைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. நான் அதிகமா பாக்குற தப்பு கட்டைப் படிக்காம கோர்ட்டுக்குப் போறது, அதுலயும் அரசு செலவுல ஏழைக்கு நியமிக்கப்பட்ட கேஸ்ல. டெக்சாஸ்ல ஒரு மரண தண்டனை கேஸ்ல வக்கீல் விசாரணையிலயே தூங்கினார்ங்கிறதுக்காக 2001ல மேல்கோர்ட் புது விசாரணைக்கு உத்தரவு போட்டது. 2019ல இந்திய சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு கேஸ்ல, வக்கீலை நியமிச்ச அதே நாள்ல குத்தச்சாட்டு பதிவு பண்ணி ரெண்டு வாரத்துக்குள்ள மரண தண்டனை வரைக்கும் முடிச்சிருந்தாங்க. அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டு, ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய கேஸ்ல நியமிக்கிற வக்கீலுக்கு தயாராக பொதுவா குறைஞ்சது 7 நாள் தரணும், அவருக்கு குறைஞ்சது 10 வருஷ அனுபவம் இருக்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. அந்த எதிரி அதுக்கப்புறமும் சில சுத்து சுத்தி, கைதாகி 11 வருஷம் கழிச்சு, 2024ல விடுதலை ஆனார். முதல் ரெண்டு வாரத்துலயே ஒரு வக்கீல் எழுந்து நின்னு "ஐயா, எனக்கு டைம் வேணும், நான் இன்னும் கட்டே படிக்கல"ன்னு சொல்லியிருந்தா அந்த 11 வருஷம் எப்படிப் போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஜட்ஜுக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல, டைம் கேளுங்க, எழுத்துல கேளுங்க, மறுத்தா மறுத்ததையும் பதிவு பண்ணச் சொல்லுங்க, அப்பீல்ல அந்த ஒரு வரி உதவும்.

தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் செய்ய வேண்டியதும் இருக்கு. தண்டனைன்னா அன்னிக்கே அப்பீலுக்கு எத்தனை நாள் இருக்குன்னு சொல்லிடுங்க, ஜெயிலுக்குள்ள போனவருக்கு அதைக் கணக்கு வைக்க ஆள் இருக்காது. வேற வக்கீல்கிட்ட போறேன்னா கேஸ் கட்டைப் பிடிச்சு வச்சுக்காதீங்க, ஃபீஸ் பாக்கி இருந்தாலும் சரி. நீங்க சரியா வாதாடலன்னு அந்த வக்கீல் அப்பீல்ல எழுதினா கோவப்படாதீங்க, உங்க நோட்டை எடுத்துப் பாருங்க, அவர் சொல்றது உண்மைன்னா உண்மைன்னு அஃபிடவிட் குடுங்க.